ஜெசிந்தா அமுக்கும் வரைக்கும்

உப்பாத்துமுனையில் சூரியன் முதன்முதலாக ஜெசிந்தாவுக்காகக் காத்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அதைக் கோழிகள்தான் முதலில் கண்டுகொண்டன. நேரமாகிவிட்டதென்று கூட்டுப் பக்கம் போன கோழிகள், வெளிச்சம் அப்படியே நிற்பதைப் பார்த்துத் திரும்பி வந்து, அடைவதா இருப்பதா என்று புரியாமல் தெருவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கடைசியில் சலித்துப்போய் மறுபடியும் இரை பொறுக்கத் தொடங்கின. அதற்கப்புறம் கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் கண்டுகொண்டார்கள். அதற்கப்புறம் பள்ளிவாசல் படியில் பாங்கு சொல்வதற்காக மேற்கே பார்த்து நின்ற மோதினார் மீராக்கனி கண்டுகொண்டார். கடைசியாகத் தெரிந்துகொண்டவள் ஜெசிந்தாதான், ஏனென்றால் அவள் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. பகலெல்லாம் இடது கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமி தேடுவாள், சாயங்காலம் அதே கண்ணை மூடிக்கொண்டு கேமராவில் பார்ப்பாள். கேமரா மதுரையில் படித்த காலத்தில் வாங்கியது. கல்யாணம் பேசும்போதே இன்னாசியிடம் சொல்லிவிட்டாள், சாயங்காலம் மட்டும் என்னைத் தேடாதே என்று. இன்னாசி விடியுமுன் வல்லத்தில் கடலுக்குப் போய் மத்தியானம் வந்து தூங்குகிறவன், சாயங்காலத்தை வைத்து அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, சரி என்றான். அவள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம்தான் எடுப்பாள். அதற்கு மேல் எடுத்தால் எதையுமே ஒழுங்காகப் பார்த்ததாகாது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கருவாட்டுக் களத்தில் ஒரு பெண் சாளைக் கருவாட்டை வகை பிரித்துக்கொண்டிருந்தாள். செதிலில் பட்ட வெயில் அவள் முகவாயில் தெறித்துக்கொண்டிருந்தது. ஆனால் கை சரியாக வரவில்லை, முகத்தை மறைத்தது, விலகினால் உடம்பு திரும்பியது, உடம்பு நேரானால் கண் எங்கோ போனது. இன்னும் ஒரு நிமிஷத்தில் வெயில் போய்விடும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். 'கொஞ்சம் இரு' என்று நினைத்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தா வெயிலைப் பார்த்தா என்று அவளுக்கே தெரியாது. வெயில் இருந்தது. நாற்பது நிமிஷம் இருந்தது. அந்தப் பெண் ஒரு கருவாட்டைத் தூக்கி மோந்து பார்த்து, என்ன ஞாபகமோ தனக்குள் சிரித்த ஒரு நொடியில் ஜெசிந்தா பொத்தானை அமுக்கினாள். கிணற்றில் வாளி விழுகிற மாதிரி சூரியன் இறங்கியது, ஊர் இருட்டியது, கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கூட்டுக்கு ஓடின.

மறுநாளும் அப்படித்தான் நடந்தது, அதற்கு மறுநாளும். ஊர் இதைக் கூடிப் பேசவில்லை, பழகிக்கொண்டது. கருவாட்டுப் பெண்கள் இன்னொரு தட்டு மீன் கூடுதலாகக் காயவைத்தார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் வெயில் தணிந்த அந்த நீண்ட பொழுதில் சாவகாசமாக உப்பு வாரினார்கள். கோழிகள் பத்தே நாளில் கேமராவின் 'டிக்' சத்தத்துக்கு அடையக் கற்றுக்கொண்டன. பாங்கும் மாதா கோயில் மணியும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. ராமநாதபுரத்திலிருந்து வருகிற ஏழரை மணி பஸ், வழியெல்லாம் இருட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து, ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் சாயங்காலத்துக்குள் நுழையும். டிரைவர் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் தூங்குகிறவர்களை, "உப்பாத்துமுனை வந்துருச்சு, வெளிச்சமாயிருச்சு பாருங்க" என்று எழுப்புவார். விடியல் மட்டும் எப்போதும்போல நேரத்துக்கு விடிந்தது, ராத்திரிதான் கொஞ்சம் குட்டையாகிப் போனது. தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, தவசி கடையில் இரண்டு டீ குடித்து, தன் கடிகாரத்தையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்து, 'புகார் ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

புகார் இல்லாமலும் இல்லை. பிள்ளைகள் தூங்கமாட்டேன் என்கிறார்கள், பசு பால் கறக்க நிற்கமாட்டேன் என்கிறது, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு வேறு கஷ்டம். "ஒரு போட்டோ எடுக்க எம்புட்டு நேரம் தாயி? அமுக்கிட்டுப் போவியா" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொல்ல, ஜெசிந்தாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மாதம் முழுக்க, வந்ததும் எதையாவது பார்த்து அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். எல்லா நாளும் ஆறே காலுக்கு இருட்டியது.

அவள் எடுக்கிற படங்களை ராமநாதபுரத்தில் கழுவி வாங்கி, தவசியின் டீக்கடைச் சுவரில் ஒட்டுவது வழக்கம். அந்த மாதத்துப் படங்களும் வந்தன. டீ குடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள். கருவாட்டுப் பெண் சிரிக்கிற பழைய படத்தை ஒரு தடவை பார்த்தார்கள், புதுப் படங்களை ஒரு தடவை பார்த்தார்கள். கடைசியில் தவசிதான் டபராவைக் கழுவி வைத்துவிட்டுச் சுகாதார நிலையத்துக்கு நடந்தார்.

"தாயி, இந்த மாசம் ஒண்ணுலயும் ஆளே இல்லையே."

"எல்லாத்துலயும் ஆள் இருக்காங்கண்ணே."

"நிக்கிறாங்க. ஆனா இல்ல" என்றார் தவசி. "நீ உன் இஷ்டத்துக்கு நேரம் எடுத்துக்க. மாட்ட நாங்க பாத்துக்கிறோம்."

அன்றிலிருந்து ஊர் மாறிவிட்டது. சும்மா காத்திருக்க முடியாதவர்கள் அவள் பின்னால் வந்து நின்று, அவள் பார்க்கிற பக்கம் தாங்களும் பார்க்கப் பழகினார்கள். வெயில் ஒரு சுவரில் ஏறும்போது முதலில் எந்தக் கல்லைத் தொடுகிறது, சிரிக்கப்போகிற முகம் சிரிப்பதற்கு முன்னால் எப்படி இருக்கும், ஒரு ஆள் நடந்து போன பிறகு அந்த இடம் எவ்வளவு நேரம் அவருடையதாகவே இருக்கிறது என்பதெல்லாம், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத உப்பளத்து ஆட்களுக்கும் தெரிந்துபோனது. "இன்னும் இல்ல, அந்தப் பொம்பளை தலையத் தூக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முனகும். அமுக்குகிற சத்தம் கேட்டதும், வலையில் மீன் விழுந்த மாதிரி எல்லோரும் மூச்சை விடுவார்கள்.

ஒரு விஷயத்தையும் ஊர் இதற்குள் தெரிந்துவைத்திருந்தது. இன்னாசியின் அக்கா ஒரு நாள் மிளகாய் காயவில்லை என்று கெஞ்ச, ஜெசிந்தா படம் எதையும் தேடாமல் வெறுமனே கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றாள். சூரியன் ஏமாறவில்லை, தன் பாட்டுக்கு இறங்கியது. அவள் உண்மையாகவே ஒன்றைத் தேடினால்தான் அது நிற்கும். தேடியது கிடைத்துவிட்டது என்று அவள் மனசு நினைத்தாலே, கை அமுக்காவிட்டாலும், ஒரு விரற்கடை கீழே போகும்.

இரண்டாவது வருஷம் தை மாதம், ரமலான் நோன்பு பாதி முடிந்திருந்த சமயம், இன்னாசியின் வல்லம் திரும்பி வரவில்லை.

அதில் நாலு பேர். இன்னாசி, மோதினார் மீராக்கனியின் ஒரே மகன் ஜலீல், தெற்குத் தெரு அண்ணன் தம்பி இரண்டு பேர். ஜலீல் விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு நோன்போடு போயிருந்தான். மத்தியானம் வரவேண்டியவர்கள் மூன்று மணிக்கும் வரவில்லை. வாடைக்காற்று தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று வல்லங்கள் தேடிப் போயின, அதில் ஒன்று ஐந்தரைக்கு டீசல் போடத் திரும்பியது. "இருட்டிட்டா ஒண்ணும் செய்யமுடியாது" என்றான் அதை ஓட்டி வந்தவன், யார் முகத்தையும் பார்க்காமல்.

கரையில் நின்ற எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். தவசி அவள் வீட்டுக்கே போய்க் கேமராவை எடுத்து வந்திருந்தார், பச்சைக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி.

"அண்ணே, எம் புருசன் கடல்ல கிடக்கான். நான் இப்பப் படம் பாக்கவா?"

"நீ பாத்தாத்தான் தாயி அது நிக்கும்."

"சும்மா பாத்தா நிக்காதுண்ணே. உங்களுக்குத் தெரியும்."

"நெசமாவே பாரு" என்றார் தவசி. "உன்னால முடியும்."

ஜெசிந்தா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது கண்ணை மூடினாள். தென்மேற்கே, கடலுக்கு ஒரு முழம் மேலே, சூரியன் நின்றது.

முதல் ஒரு மணி நேரம் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து வந்து எல்லாம் கலங்கியது, சூரியன் விரல் விரலாக இறங்கியது. கருவாட்டுக் களத்துப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து தன் சேலைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைத்த கண்ணால் பார்த்தபோது, கரையில் நிற்கிறவர்கள் தெரிந்தார்கள். தெற்குத் தெரு அண்ணன் தம்பியின் பெண்டாட்டிகள் இரண்டு பேரும், வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள், ஒருத்தி சுண்டுவிரலை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த இரண்டு விரலிலும் வெயில் விழுந்திருந்தது. அப்படி ஒரு படத்தை ஜெசிந்தா அதுவரை பார்த்ததில்லை. மனசு 'இதுதான்' என்றது, சூரியன் சரேலென்று தாழ்ந்தது, கரையே 'ஐயோ' என்றது.

தவசி அவள் காதருகில் வந்து, "இது என்ன தாயி படம்? ரெண்டு விரலு. இதுக்கா நின்ன?" என்றார். அது பொய் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கோபத்தில் அவள் கண் நகர்ந்தது, சூரியன் நின்றது.

அதற்கப்புறம் படங்கள் வந்துகொண்டே இருந்தன. துக்கத்தில் நிற்கிற ஒரு கரை இவ்வளவு அழகாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது, அப்படித் தெரிவதே பாவம் மாதிரி இருந்தது, ஆனாலும் பார்த்தாள், ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒவ்வொன்றையும் விட்டாள். ஒரு ஆயுசு முழுக்க எடுத்தாலும் போதாத படங்கள் அன்றைக்கு அவள் கண் முன்னால் வந்து நின்று, எடுக்கப்படாமல் கலைந்து போயின. கை மரத்தது. இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்கள். யாரோ வாயில் கஞ்சி ஊற்றினார்கள். தவசி கடைக் கடிகாரம் எட்டு, ஒன்பது, பத்து என்று தன் பாட்டுக்கு ஓடியது, கடலோ அந்தியிலேயே மஞ்சளாகக் கிடந்தது, மூன்று வல்லங்களும் டீசல் போட வருவதும் போவதுமாக இருந்தன.

பள்ளிவாசலில் இமாம் பேசினார். முடியாதவர்கள் பக்கத்து ஊர் நேரத்துக்கு நோன்பு திறக்கலாம், தப்பில்லை, முடிந்தவர்கள் நம்மூர் சூரியன் இறங்கட்டும் என்று இருக்கலாம் என்றார். வயசானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் தண்ணீர் குடித்தார்கள். மற்றவர்கள் பாத்திரத்தோடு நோன்புக் கஞ்சியைக் கரைக்குக் கொண்டுவந்து, மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

மோதினார் மீராக்கனி உட்காரவில்லை. மூன்று பேரீச்சம்பழத்தையும் ஒரு செம்புத் தண்ணீரையும் மணலில் வைத்துவிட்டு, முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. அலை வந்து கைலியை நனைப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கூப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட மனுஷன், கூப்பிடாமல், காது கொடுத்துக் கேட்பதற்காக மட்டும் நிற்பதுபோல் நின்றார். ஜெசிந்தாவின் கண் அவரிடம் போய் நின்றது. விரல் தன்னால் பொத்தானில் போய்ப் படிந்தது. சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டது.

மோதினார் திரும்பாமலேயே பேசினார்.

"மகளே, என்னைய எடுத்துராத. எம் மகன் இன்னும் வரல."

"மாமா" என்றாள் ஜெசிந்தா, விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துக்கொண்டு.

"எங்களை எல்லாம் பாத்துட்ட. இங்க இல்லாதவங்களப் பாரு."

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. இவ்வளவு நேரமும் கரையில் இருக்கிறதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவை மெதுவாகத் திருப்பி, மோதினாரை இடது ஓரத்துக்குத் தள்ளி, வலது பக்கம் பூராவும் வெறும் கடலாக விட்டாள். ஒரு வல்லம் அடங்குகிற இடம். நாலு பேர் அடங்குகிற இடம். ஆட்களை வைத்து எத்தனையோ தடவை இடம் பார்த்திருக்கிறாள், ஆள் வருவதற்காக இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது இதுவே முதல் தடவை. இன்னாசி உட்காரும்போது தோளைச் சரிக்கிற விதம், ஜலீல் எப்போதும் வல்லத்தின் முன்முனையில், அணியத்தில், காலைத் தொங்கப்போடுவது, அண்ணன் தம்பி முதுகோடு முதுகு சாய்ந்து பீடி குடிப்பது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அந்தக் காலி இடத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்தது எதுவும் நிற்கவில்லை. அதனால் படம் முடியவில்லை. முடியாத படத்துக்காகச் சூரியன், கடலைத் தொட்ட விளிம்போடு, அசையாமல் நின்றது.

கடிகாரம் ஒன்று, இரண்டு என்று போனது. எல்லோரும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரைக்கு, வலது ஓரத்தில், ஒரு கோடு தெரிந்தது.

தேடிப் போன வல்லங்கள் மூன்றும் அந்நேரம் கரையில்தான் இருந்தன. வந்தது நாலாவது. மோட்டார் ஓடவில்லை, பலகையால் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். காலையிலேயே அறுந்த வலை ஒன்று மோட்டாரின் சுழலியில் சிக்கி அதை நிறுத்திவிட்டது, வாடை கொண்டுபோன இடத்தில் கரை எந்தத் திசையென்றே தெரியவில்லை. "எல்லாப் பக்கமும் ராத்திரி" என்று இன்னாசி பின்னால் சொன்னான். "ஒரு பக்கம் மட்டும் சாயங்காலமா இருந்துச்சு. அந்த நேரத்துக்கு அந்தியா இருக்கிற ஊரு உலகத்துல வேற எது? அதைப் பாத்தே தள்ளினோம்."

வல்லம் காலி இடத்துக்குள் வந்தது. நாலு தலை. ஜெசிந்தா எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். அவ்வளவுதான், படமாவது ஒன்றாவது, 'இதுதான்' என்று மனசு நினைக்கவே இல்லை, சூரியனும் அசையவில்லை. அவளைக் கூப்பிடக் கரையேறி வந்த மோதினாரின் கையில் கேமராவைத் திணித்துவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். ஊரே ஓடியது. மோதினார் கேமரா நனையாமல் பிடித்துக்கொண்டு மணலில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜலீலை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அவர் முன்னால் உட்காரவைத்தார்கள். அவன் வாப்பாவின் முகத்தைத் தொட்டான், பிறகு சூரியனைப் பார்த்தான்.

"வாப்பா, இன்னும் நோன்பு திறக்கலையா?"

"எங்கடா? அது நிக்குதே."

"கேமரா உங்க கையிலதான் இருக்கு மோதினாரே" என்றார் தவசி.

மீராக்கனி அதுவரைக்கும் கேமராவைத் தொட்டதில்லை. ஜெசிந்தா செய்வதுபோல் இடது கண்ணை மூடி, அதைக் கண்ணில் வைத்து, கடல் பக்கம் திருப்பினார். உதடு காய்ந்து, இருபத்திரண்டு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டையோடு, உடனே அமுக்கிவிடத்தான் நினைத்தார். ஆனால் உள்ளே பார்த்ததும் அவருக்கு அமுக்க மனசு வரவில்லை. "இருங்கப்பா" என்றார். மகன் மடியில் சாய்ந்திருக்க, ஊர் கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தார். அப்புறம் அமுக்கினார்.

சூரியன் இறங்கியது. முதல் பேரீச்சம்பழத்தை மகன் வாயில் வைத்தார், இரண்டாவதைத் தன் வாயில் போட்டார், ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பள்ளிவாசல் வரைக்கும் நடக்கமுடியாது என்று தெரிந்ததால், அங்கேயே மணலில் எழுந்து நின்று பாங்கு சொன்னார். குரல் பாதியில் உடைந்தது, ஆனாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்துப் படம் கழுவி வந்தது. தவசி அதைச் சுவரில் ஒட்டினார், சாயங்காலம் ஊர் கூடியது. அடிவானம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நடுவில் யாரோ ஒருவரின் முதுகு பாதிப் படத்தை அடைத்தது. மீதிப் பாதியில் ஜெசிந்தா இருந்தாள். மார்பளவு தண்ணீரில், கூந்தல் அவிழ்ந்து, இரண்டு கையாலும் வல்லத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவனைப் பார்த்து வாயைத் திறந்து ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். இன்னாசியின் கை அவள் உச்சந்தலையில் இருந்தது. அந்தி வெயில் மொத்தமும் அவள் ஒருத்தி மேலேயே விழுந்திருந்தது.

மோதினார் கடைசி பெஞ்சில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். "கை நடுங்கிருச்சு" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

ஜெசிந்தா சுவருக்குப் பக்கத்தில் போய், இடது கண்ணை மூடாமல், இரண்டு கண்ணாலும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"மாமா, நான் இப்படியா இருக்கேன்?"

"ஆமா மகளே" என்றார் மீராக்கனி. "அதான் அமுக்க நேரமாயிருச்சு."